தாடைக் கட்டியும் லேசரும்: வெட்டுவது சரி, எங்கே நிறுத்துவது?



எந்த ஊர்க் கடைவீதியில் நடந்தாலும் இப்படி ஒரு போர்டாவது கண்ணில் படும்: "நவீன லேசர் சிகிச்சை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை." கண், மூலம், சிறுநீரகக் கல், முகத்தில் வளரும் முடி என்று எல்லாத்துக்கும் லேசர் வந்தாச்சு. பல் மருத்துவமனைகளிலும் வந்தாச்சு. அப்படின்னா, தாடை எலும்புக்குள்ளே ஒரு கட்டி வளர்ந்தா அதையும் லேசராலேயே எடுத்துடலாமா?

சில கட்டிகளில் எடுக்கலாம். சிலவற்றில் லேசர் ஒரு துணைக் கருவி மட்டும்தான். சிலவற்றில் அதை நம்பி இறங்கினால் பத்து வருஷம் கழித்து கட்டி திரும்பி வந்து நிற்கும். எது எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது மெஷினின் விலை அல்ல, கொஞ்சம் உயிரியலும் கொஞ்சம் இயற்பியலும்தான். அதில் இயற்பியல் பாதி நமக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தந்ததுதான்! வாங்க, பார்ப்போம்.

பேரு "தீங்கற்ற கட்டி", செய்யறது வேற

கட்டிகளை மருத்துவர்கள் பொதுவாக இரண்டாகப் பிரிக்கிறார்கள். உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவக்கூடியது புற்றுநோய்க் கட்டி. பிறந்த இடத்தை விட்டு நகராதது தீங்கற்ற கட்டி. கேட்க நிம்மதியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் தாடையைப் பொறுத்தவரை இந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும்.

தாடை மற்ற எலும்புகளைப் போன்றது அல்ல. அங்கேதான் பல் உருவாகிறது. பல்லைக் கட்டிய செல்களின் மிச்சம் மீதி வேலை முடிந்த பிறகும் எலும்புக்குள் தங்கியிருக்கும். கட்டடம் முடிந்த பிறகு மாடியில் கிடக்கும் மணல், ஜல்லி மாதிரி. எப்போதாவது அபூர்வமாக அந்த மிச்சச் செல்களில் சில மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். அப்படி வரும் கட்டிகளில் அதிகம் பேசப்படுவது அமெலோபிளாஸ்டோமா. பல்லின் எனாமலை உருவாக்கும் திசுவோடு தொடர்புள்ளது. பெரும்பாலும் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல், ஞானப்பல் இருக்கும் பக்கத்தில் வரும்.

இது மெதுவாக வளரும். பொதுவாக வலிக்காது. அதுதான் சிக்கலே! வலித்தால் உடனே ஓடுவோம். வலிக்காத வீக்கத்தை "ஏதோ பல் வீக்கம், தானாப் போயிடும்" என்று விட்டுவிடுவோம். அதற்குள் எலும்பு உள்ளே அரிக்கப்பட்டு, பல் ஆட ஆரம்பித்து, முகத்தின் ஒரு பக்கம் உப்பத் தொடங்கிவிடும். எக்ஸ்ரே எடுத்தால், சோப்பு நுரைக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போல எலும்புக்குள் கருப்பு அறைகள் தெரியும்.

இன்னும் சில அபூர்வக் கட்டிகளையும் அறிமுகம் செய்துகொள்வோம். மிக்சோமா என்பது ஜெல்லி மாதிரி. சுற்றிலும் உறை கிடையாது. ஜெயன்ட் செல் கிரானுலோமா பெரும்பாலும் முப்பது வயதுக்குள் வருவது. கத்தி வைத்தால் நன்றாக ரத்தம் கசியும். ஹீமாஞ்சியோமா ரத்தக் குழாய்களால் ஆனது. அது எலும்புக்குள் இருப்பது தெரியாமல் மேலே உள்ள பல்லைப் பிடுங்கினால் ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா தாடையில் மிகவும் அபூர்வம். ஒரு கடலைப் பருப்பு அளவு இருந்துகொண்டு ராத்திரி முழுக்க வலியைக் கொடுக்கும்.

கரையான் அரித்த நிலைப்படி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தக் கட்டிகளில் பெரிய கேள்வி "எதை வைத்து வெட்டுவது?" அல்ல. "எதுவரை வெட்டுவது?" என்பதுதான்.

வீட்டு நிலைப்படியைக் கரையான் அரித்துவிட்டது என்று வையுங்கள். மேலே தெரியும் மண்ணைச் சுரண்டிவிட்டு பெயின்ட் அடித்தால் நாலு மாதம் அழகாக இருக்கும். உள்ளே மரத்தின் இழை வழியாகப் போன கரையான் அப்படியே இருக்கும். அமெலோபிளாஸ்டோமாவின் வழக்கமான வகையும் இதே மாதிரிதான். எக்ஸ்ரேயில் தெரியும் எல்லைக்கு அப்பால் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை, பஞ்சு போன்ற உள் எலும்பின் இடுக்குகளில் அதன் செல்கள் புகுந்திருக்கும். படத்தில் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது.

அதனால்தான் கட்டியை மட்டும் சுரண்டி எடுத்த நோயாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் அது திரும்பி வந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உள்ளன. திரும்பி வருவதற்குப் பல வருஷம் கூட ஆகலாம். இதைத் தவிர்க்க, தெரியும் எல்லையிலிருந்து 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டி எடுப்பது வழக்கம்.

கேட்க சுலபம். ஆனால் இருபது வயதுப் பையனோ பொண்ணோ கண்ணாடி முன்னால் நின்று யோசித்துப் பாருங்கள். கீழ்த்தாடையில் ஒரு பெரிய துண்டையே எடுக்க வேண்டி வரலாம். அதோடு பற்களும் போகும். சில நேரம் கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் போகும். காலியான இடத்தை நிரப்ப, காலில் உள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, தாடை வடிவத்துக்கு வெட்டி வளைத்துப் பொருத்துகிறார்கள். 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க சர்ஜன் தாடைக்கு இந்த முறையை வெளியிட்டார். அற்புதமான ஆபரேஷன்தான், ஆனால் மிகப் பெரிய ஆபரேஷன்.

ஒரு பக்கம் சின்ன ஆபரேஷன், பெரிய திரும்பி வரும் ஆபத்து. இன்னொரு பக்கம் பெரிய ஆபரேஷன், சின்ன ஆபத்து. இந்த இழுபறிக்கு நடுவில் யாராவது "லேசர்" என்று சொன்னால் மனசு அந்தப் பக்கம் சாய்வது இயற்கை. சரி, லேசர் உண்மையிலேயே என்ன செய்யும்?

லேசர் என்பது ஒன்றல்ல

ஐன்ஸ்டைன் 1917-இல் தூண்டப்பட்ட உமிழ்வு என்ற கருத்தைத் தாளில் எழுதினார். அதை வேலை செய்யும் கருவியாக 1960 மே மாதம் கலிஃபோர்னியாவில் தியோடர் மெய்மன் காட்டினார். ரூபிக் கல்லை வைத்துச் செய்த லேசர் அது. 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர், புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஆமாங்க, நம்மை மாதிரி ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்! ஆபரேஷன் தியேட்டருக்குள் முதலில் காலூன்றிய லேசர்களில் அவருடையதும் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. "லேசர்" என்பது "வண்டி" என்று சொல்வது மாதிரி. சைக்கிளும் வண்டிதான், லாரியும் வண்டிதான். லேசரில் வித்தியாசத்தைத் தருவது அலைநீளம். எந்த அலைநீளத்தை உடம்பில் எந்தப் பொருள் உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே அது வெட்டுமா, சுடுமா, ஊடுருவிப் போகுமா என்பது அமையும்.

எர்பியம் யாக் லேசர், 2,940 நானோமீட்டர்: தண்ணீர் இதை வெறியோடு உறிஞ்சும். தண்ணீரில் ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் ஒளி தீர்ந்துவிடும். எலும்பிலும் தண்ணீர் இருப்பதால் எலும்பை வெட்ட இது பொருத்தம். பல்லின் கடினப் பகுதியில் பயன்படுத்த அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது.

கார்பன் டை ஆக்சைடு லேசர், 10,600 நானோமீட்டர்: இதையும் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், திசுவில் சுமார் 20 மைக்ரோமீட்டர் போகும். ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் போன்ற மென்திசுவை வெட்டிக்கொண்டே சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். தொடர்ந்து எரிய விட்டு எலும்பில் வைத்தால் கரியாக்கிவிடும்.

டையோடு லேசர், 810 முதல் 980 நானோமீட்டர். நியோடிமியம் யாக், 1,064 நானோமீட்டர்: இவை தண்ணீரை அதிகம் கண்டுகொள்ளாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் இவற்றை உறிஞ்சும். திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் போகும். மெல்லிய கண்ணாடி ஃபைபர் வழியாக எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

கடைசி வரியை ஈசிஈ நண்பர்கள் கவனிச்சிருப்பீங்க. கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி சாதாரண கண்ணாடி ஃபைபரில் போகாது. கண்ணாடியே அதை விழுங்கிவிடும். அதனால் கண்ணாடிகள் பொருத்திய மூட்டுக் கை வழியாகவோ, உள்ளே பொள்ளலாக உள்ள சிறப்புக் குழாய் வழியாகவோதான் கொண்டுவர வேண்டும். வாயின் மூலையில் ஞானப்பல் பக்கம் அந்தக் கையை நுழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

எலும்புக்கு ஒரு எல்லை உண்டு. எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1983-இல் காட்டியது இது: எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிஷம் இருந்தாலே பாதிப்பு தொடங்கிவிடும். சாதாரண உடல் வெப்பத்தை விடப் பத்து டிகிரிதான் அதிகம்! வேகமாகச் சுற்றும் டிரில்லோ ரம்பமோ தண்ணீர் இல்லாமல் ஓடினால் இந்த எல்லையை ஈசியாகத் தாண்டிவிடும். லேசருக்கும் இதே நிபந்தனைதான்.

சூடான தோசைக்கல்லில் விரல் நுனியைப் பட்டென்று தொட்டு எடுத்தால் கொப்புளம் வராது. அழுத்திப் பிடித்தால் வரும். உள்ளே வெப்பம் பரவ நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தோராயமாகச் சொல்லும் ஃபார்முலா:

நேரம் = (ஆழம் × ஆழம்) ÷ (4 × வெப்பப் பரவல் எண்)

மென்திசுவுக்கு வெப்பப் பரவல் எண் விநாடிக்கு ஏறக்குறைய 0.13 சதுர மில்லிமீட்டர். எலும்புக்கு இது கொஞ்சம் மாறும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். போட்டுப் பார்ப்போம்.

எர்பியம், ஆழம் 0.001 மில்லிமீட்டர்: ஏறக்குறைய 2 மைக்ரோ விநாடி.
கார்பன் டை ஆக்சைடு, ஆழம் 0.02 மில்லிமீட்டர்: ஏறக்குறைய 0.8 மில்லி விநாடி.
நியோடிமியம், ஆழம் 3 மில்லிமீட்டர் என்று வைத்தால்: ஏறக்குறைய 17 விநாடி.

மைக்ரோ விநாடிக்கும் 17 விநாடிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்! எர்பியம் லேசரில் வெப்பம் மேல் அடுக்கிலேயே குவிகிறது. அங்கே உள்ள தண்ணீர் சட்டென்று ஆவியாகி, பாப்கார்ன் மாதிரி வெடித்து, எலும்புத் துகளையும் இழுத்துக்கொண்டு வெளியே பறக்கிறது. பொதுவாக அதன் துடிப்பு நூற்றுக்கணக்கான மைக்ரோ விநாடி நீளமிருக்கும், அதாவது நம் கணக்கில் வந்த 2 மைக்ரோ விநாடியை விட அதிகம். ஆனாலும் சூடான பொருளே வெளியேறிவிடுவதாலும், கூடவே தண்ணீர் தெளிப்பதாலும், மீதி எலும்பு பெரிதாகச் சூடாவதில்லை. நியோடிமியம் லேசரில் நேர் எதிர். வெப்பம் ஆழத்தில் தேங்கி நிற்கும். வெட்டுவதற்கு அது கெட்ட செய்தி. ஆனால் ஒரு கட்டியை உள்ளேயே வேகவைத்துச் சாகடிக்க வேண்டும் என்றால் அதுவே நல்ல செய்தி!

எங்கே லேசருக்கு மார்க் கொடுக்கலாம்?

முதலாவது, ஈறிலேயே வரும் கட்டிகள். அமெலோபிளாஸ்டோமாவில் ஒரு சின்னப் பங்கு எலும்புக்குள் போகாமல் ஈறில் மட்டும் வளரும். அந்த வகை அவ்வளவு ஆக்ரோஷமானது அல்ல. இங்கே கார்பன் டை ஆக்சைடு அல்லது டையோடு லேசரால் ரத்தம் அதிகம் சிந்தாமல் வெட்டி எடுக்கலாம். பல நேரம் தையலும் தேவைப்படாது.

இரண்டாவது, வாயின் மென்திசுவில் உள்ள ரத்தக் குழாய்க் கட்டிகள். ஹீமோகுளோபின் உறிஞ்சும் அலைநீளத்தைக் கொடுத்தால் ரத்தம் உறைந்து கட்டி சுருங்கும். கத்தி வைக்கப் பயப்படும் இடத்தில் இது பெரிய உதவி.

மூன்றாவது, ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டியின் நடுவில் இறக்கி, அதன் வழியாக மெல்லிய ஃபைபரை விட்டு, சுமார் 2 வாட் சக்தியில் சில நிமிடங்கள் உள்ளிருந்தே வேகவைக்கும் முறை 1990-களிலிருந்து உண்டு. 2 வாட் என்பது ஒரு சின்ன எல்இடி பல்பு அளவுதான்! கால் எலும்பு, முதுகெலும்பில் இது நன்கு பழகிய முறை. தாடையில் இந்தக் கட்டியே அபூர்வம். நரம்பும் பல் வேரும் பக்கத்திலேயே இருப்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

நான்காவது, துணை வேடம். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு எலும்புக் குழியின் சுவரில் லேசரை ஓட்டி மிச்சச் செல்களை அழிக்கும் முயற்சிகள். இதே வேலைக்குக் கடும் குளிரும் கார்னாய் கரைசல் என்ற ரசாயனமும் முன்பிருந்தே பயன்படுகின்றன. ஆனால் இவ்வளவு அபூர்வமான கட்டிகளுக்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடத்த ஒரே இடத்தில் போதுமான நோயாளிகள் கிடைப்பது கஷ்டம். அதனால் "லேசர் போட்டதால்தான் திரும்பி வரவில்லை" என்று யாராவது அடித்துச் சொன்னால், எத்தனை பேரை எத்தனை வருஷம் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

எங்கே அரியர் விழும்?

எலும்புக்குள் பரவிய வழக்கமான அமெலோபிளாஸ்டோமாவை லேசர் மட்டுமே குணமாக்கிவிடாது. காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. சுத்தமாக வெட்டும் லேசர் ஒரு துடிப்பில் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் வேலை செய்யும். கட்டியின் செல்கள் மில்லிமீட்டர் கணக்கில் ஒளிந்திருக்கும். ஆழமாகப் போகும் லேசரோ நல்ல எலும்பு, நரம்பு, கட்டி என்று பாகுபாடு பார்க்காது. கடைசியில் நல்ல எலும்பையும் சேர்த்துத்தான் எடுத்தாக வேண்டும். அதை ரம்பத்தால் எடுத்தாலும் லேசரால் எடுத்தாலும் அளவு மாறாது.

இன்னொன்று, ஆவியாக்கிவிட்ட கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. லேசர் வெட்டிய துண்டிலும் ஓரம் கருகியிருந்தால், "ஓரம் சுத்தமா?" என்ற கேள்விக்கு நோயியல் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அதனால் முதலில் பயாப்சி, பிறகுதான் எந்தச் சிகிச்சையும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண நீர்க்கட்டியும் அமெலோபிளாஸ்டோமாவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்!

பாதுகாப்பும் சின்ன விஷயம் இல்லை. மயக்க மருந்தோடு ஆக்சிஜன் போகும் குழாயில் லேசர் பட்டால் அது தீப்பற்றலாம். அதற்காகத் தனிக் குழாய், ஈரத் துணி, ஆக்சிஜன் அளவுக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. தியேட்டரில் உள்ள ஒவ்வொருவரும் அந்தந்த அலைநீளத்துக்கான கண்ணாடி அணிய வேண்டும். எழும் புகையை உறிஞ்சவும் தனிக் கருவி வேண்டும்.

நமக்கான ப்ராஜெக்ட் இங்கே இருக்கு

சர்ஜன் டிரில் பிடிக்கும்போது கை பேசும். கெட்டி எலும்பு முடிந்து பஞ்சு எலும்பு வந்தால் எதிர்ப்பு குறைவதை விரல் உணரும். லேசரில் தொடுதல் இல்லை. எவ்வளவு ஆழம் போனோம், அடுத்து நரம்பா என்று கைக்குத் தெரியாது. நம்ம பாஷையில் சொன்னால், ஃபீட்பேக் இல்லாத ஓப்பன் லூப் சிஸ்டம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதற்காகவே வேலை நடக்கிறது. அங்கே உருவான கார்லோ என்ற கருவியில் எர்பியம் லேசரை ரோபோ கை பிடித்திருக்கும். சிடி ஸ்கேனில் முன்பே திட்டமிட்ட கோட்டில் அது எலும்பை வெட்டும். முக எலும்பு ஆபரேஷன்களில் மனிதர்களிடம் பயன்படுத்தியும் விட்டார்கள். நேர்க்கோடு மட்டுமல்ல, புதிர்த் துண்டு மாதிரி வளைந்து வளைந்தும் வெட்டலாம். அப்படி வெட்டிய எலும்பு திரும்பப் பொருந்துவதும் சுலபம். வெட்டும்போது எழும் பிளாஸ்மாவின் ஒளியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்து, "இது எலும்பு, இது மென்திசு, நிறுத்து" என்று மெஷினே முடிவெடுக்கும் ஆராய்ச்சியும் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அடுத்த படி, "இது நல்ல எலும்பு, இது கட்டி" என்று பிரித்துச் சொல்வது. அது முடிந்தால் 2 சென்டிமீட்டர் வெட்ட வேண்டிய இடத்தில் எவ்வளவு எலும்பு மிஞ்சும் என்று யோசிங்க! ஆப்டிக்ஸ், கன்ட்ரோல், சிக்னல் ப்ராசஸிங், மெஷின் லேர்னிங் எல்லாத்துக்கும் இதில் வேலை இருக்கு.

மருந்து வழியிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பல அமெலோபிளாஸ்டோமாக்களில் பிராஃப் என்ற ஜீனில் ஒரே மாதிரி மாற்றம் இருப்பது 2014-இல் தெரியவந்தது. அதைத் தடுக்கும் மாத்திரையால் சில நோயாளிகளில் கட்டி சுருங்கியிருக்கிறது. முதலில் மாத்திரையால் சுருக்கி, பிறகு சின்னதாக வெட்டுவது என்ற பாதையை ஆராய்ந்து வருகிறார்கள்.

கடைசியாக, நண்பர்களே. வலிக்காத தாடை வீக்கம், காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போகும் கீழ் உதடு, பல் பிடுங்கியும் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீங்க. ஒரு பல் டாக்டரிடம் போய், தாடை முழுதும் தெரியும் எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பாருங்க. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ "லேசர்ல எடுத்துடலாம்" என்று சொன்னால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. பயாப்சி ரிசல்ட் என்ன, கட்டியின் சரியான பெயர் என்ன?
2. எந்த லேசர், இந்தக் கட்டிக்கு ஏன் அது?
3. எல்லைக்கு அப்பால் எவ்வளவு எலும்பை எடுக்கப் போறீங்க?
4. திரும்பி வந்தால் தெரிய எத்தனை வருஷம், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை செக்கப் வரணும்?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பேப்பரை எடுத்துப் படம் போட்டே விளக்குவார்.